போட்டி நடத்தும் உரிமையிலிருந்து தொடங்கட்டும் தடை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போரில் இறங்கிய நாட்டைச் சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்றும், விளையாட்டில் அரசியலைக் கலக்கவே கூடாது என்றும் தங்கள் வாசகர் பகுதியில் மாறி மாறிக் கடிதங்கள் வெளியாகி வருகின்றன. இரு தரப்பையும் விடாமல் படித்து வருபவன் என்ற முறையில், இரண்டுமே ஒரு கேள்வியைத் தொடாமல் விட்டுவிடுவதாக எனக்குப் படுகிறது. ஒரு நாட்டைத் தடை செய்வது என்றால் எதைத் தடை செய்வது? அந்நாட்டு வீரரையா, தேசிய அணியையா, கொடியையும் தேசிய கீதத்தையுமா, சம்மேளனத்தையும் அதன் நிர்வாகிகளையுமா, அந்த மண்ணில் போட்டி நடத்தும் உரிமையையா? தடை கோரும் இயக்கங்கள் இவை அனைத்தையும் ஒன்றாகவே கேட்கின்றன. எதிர்ப்பவர்களும் ஒன்றாகவே மறுக்கின்றனர். இந்த வரிசையில் கடைசியாகச் சொன்ன போட்டி நடத்தும் உரிமையே முதலில் பறிக்கப்பட வேண்டும், முதலில் சொன்ன வீரர் கடைசியில்தான் தொடப்பட வேண்டும் என்பது என் கருத்து.

அரசியலைக் கலக்கக் கூடாது என்ற வாதத்தில் நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. முதல் உலகப் போர் முடிந்த பிறகு 1920-ல் ஆன்ட்வெர்ப்பில் நடந்த ஒலிம்பிக்குக்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி, பல்கேரியா, துருக்கி ஆகிய நாடுகள் அழைக்கப்படவில்லை. 1948-ல் லண்டனுக்கு ஜெர்மனியும் ஜப்பானும் அழைக்கப்படவில்லை. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்த முதல் நாளிலேயே ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலின் தலைவராக இருந்த ஷேக் ஃபகத் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் பெய்ஜிங்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈராக்குக்கு இடமில்லை, 2006-ல்தான் அந்நாடு அப்போட்டிக்குத் திரும்பியது. நாடுகளின் பெயரால் அணிவகுத்து, கொடியேற்றி, கீதம் இசைத்து நடத்தப்படும் ஒரு விழாவில் அரசியல் புதிதாக வந்து கலக்க வேண்டியதில்லை.

தடை கோருபவர்கள் முன்வைக்கும் எதிர்பார்ப்பைத்தான் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். விளையாட்டிலிருந்து ஒதுக்கினால் அந்த அரசு போரை நிறுத்தும் என்று அவர்களில் பலர் நம்புகின்றனர். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படைகள் நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்காவின் முன்முயற்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குச் செல்லவில்லை. அது தடை அல்ல, புறக்கணிப்பு. ஆனால் அதன் பின்னிருந்த கணக்கு இதேதான். சோவியத் படைகள் முழுமையாக வெளியேறியது 1989 பிப்ரவரியில். இடையில் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கைச் சோவியத் ஒன்றியமும் அதன் கூட்டாளிகளும் பதிலுக்குப் புறக்கணித்ததுதான் கண்ட பலன். வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்திய ஹாக்கி அணி மாஸ்கோவில் வென்ற தங்கத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம், பாகிஸ்தானும் மேற்கு ஜெர்மனியும் வராத போட்டிதானே என்று யாராவது ஒருவர் இன்றும் சொல்வதைக் கேட்கிறோம். போகாதவர்களின் இழப்பு இதைவிடப் பெரிது. 1976-ல் மான்ட்ரியலில் வாள்வீச்சு அணிப் பிரிவில் தங்கம் வென்ற மேற்கு ஜெர்மனியின் தாமஸ் பாக், வீரர்களின் பிரதிநிதியாக நின்று புறக்கணிப்பு வேண்டாம் என்று வாதாடித் தோற்றார். அவரே பிற்காலத்தில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவராகி, 2022-ல் ரஷ்ய வீரர்களைச் சேர்க்க வேண்டாம் என்று சம்மேளனங்களுக்குப் பரிந்துரைக்கும் இடத்தில் இருந்தார் என்பது வரலாற்றின் வேடிக்கை.

போஸ்னியப் போரின்போது யுகோஸ்லாவியா விஷயத்தில் தடை இன்னும் உறுதியாக இருந்தது. 1992 மே 30 அன்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் நிறைவேற்றிய 757-ஆம் தீர்மானம், வணிகத்தோடும் விமானப் போக்குவரத்தோடும் விளையாட்டையும் பெயர் சொல்லித் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பியக் கோப்பைக்காகச் சுவீடனில் போய் இறங்கியிருந்த யுகோஸ்லாவியக் கால்பந்து அணி விளையாடாமலேயே திரும்பியது. தகுதிச் சுற்றில் அவர்களுக்கு அடுத்த இடத்தில் இருந்த டென்மார்க், கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டு, இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 2-0 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. இந்தக் கதையின் டென்மார்க் பக்கம் எல்லோருக்கும் தெரியும். மறுபக்கத்தில் இவிட்சா ஓசிம் இருக்கிறார். யுகோஸ்லாவிய அணியின் பயிற்சியாளரான அவர் போஸ்னியத் தலைநகர் சரயேவோவில் பிறந்தவர். தன் ஊர் முற்றுகைக்குள்ளாகிக் குண்டுவீச்சில் சிதைந்துகொண்டிருந்தபோது அந்த அணியை வழிநடத்த மனமின்றி, ஐ.நா. தீர்மானத்துக்குச் சில நாட்கள் முன்னதாகவே பதவி விலகினார். எந்த அமைப்பும் அவரைத் தடை செய்யவில்லை.

அதே கோடையில் பார்சிலோனா ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவுக்கு அணி விளையாட்டுகள் மறுக்கப்பட்டன. தனிநபர்கள் மட்டும் நாட்டின் பெயரின்றிச் சுயேச்சையாகக் கலந்துகொண்டனர். துப்பாக்கி சுடுதலில் மூன்று பதக்கங்களும் வென்றனர். இப்போது பரவலாகப் பேசப்படும் நடுநிலை வீரர் என்ற ஏற்பாட்டின் முன்மாதிரி அதுதான். ஆனால் சரயேவோ முற்றுகை 1996 வரை நீடித்தது. விளையாட்டுத் தடை 1994-ல் தளர்த்தப்பட்ட பின், 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் படுகொலை நடந்தது. கோப்பை மறுக்கப்பட்டதற்காக எந்தப் படைத்தளபதியும் துப்பாக்கியைக் கீழே வைத்ததாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் நிறவெறி ஆட்சிக்கால தென்னாப்பிரிக்காவை எடுத்துக்காட்டுவது வழக்கம். எடுத்துக்காட்டுபவர்கள் சொல்வது சரிதான். விளையாட்டுத் தனிமைப்படுத்தல் அங்கே உண்மையிலேயே உறைத்தது. 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கான அழைப்பு திரும்பப் பெறப்பட்டது முதல் 1992 பார்சிலோனா வரை அந்நாடு ஒலிம்பிக்கில் இல்லை. 1970-ல் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே வெளியேற்றப்பட்டது. 1974-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவைச் சந்திக்க இந்தியா மறுத்தது. விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் அடங்கிய அந்த அணிக்குக் கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தென்னாப்பிரிக்கா ஒரு பந்தும் ஆடாமல் அதை எடுத்துக்கொண்டது. இந்தியா இன்றுவரை டேவிஸ் கோப்பையை வென்றதில்லை. 1992 மார்ச்சில், தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணி தன் முதல் உலகக் கோப்பையில் ஆடிக்கொண்டிருந்த நாட்களில், சீர்திருத்தம் தொடர வேண்டுமா என்று வெள்ளையரிடம் நடத்தப்பட்ட வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானோர் ஆம் என்றனர். இல்லை என்று வாக்களித்தால் மீண்டும் வெளியே போக நேரும் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

எனினும் அந்த வழக்குக்கும் போர்களுக்கும் உள்ள வேறுபாட்டை மறைத்துவிட்டுப் பேசுவது நியாயமாகாது. நிறவெறி அந்நாட்டு விளையாட்டுக்குள்ளேயே குடியிருந்தது: யார் எந்த அணியில் ஆடலாம், யார் எந்த மைதானத்தில் எங்கே உட்காரலாம் என்பதைத் தோலின் நிறம் தீர்மானித்தது. ஆகவே விளையாட்டு அமைப்புகள் தங்கள் சொந்த விதி மீறப்பட்டதாகவே அதைக் கருத முடிந்தது. தடை வேண்டும் என்ற குரல் அந்நாட்டுக்குள்ளிருந்து, தடையால் இழக்க இருந்த மக்களிடமிருந்தே எழுந்தது. தடை எப்போது நீங்கும் என்பதும் ஐயத்துக்கு இடமின்றி இருந்தது. போர் தொடுக்கும் நாட்டின் விஷயத்தில் இந்த மூன்றும் ஒருசேர அமைவது அரிது. தவிரவும், அங்கே பலன் தெரிய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. போரில் சிக்கியவர்களுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

போரை நிறுத்தாது என்றால் தடை எதற்கு? படையெடுக்கும் அரசுக்கு உலக மேடையில் கிடைக்கும் மரியாதையை மறுப்பதற்கும், தாக்கப்பட்ட நாட்டு வீரர்கள் அந்த மேடையில் அவமானப்படாமல் நிற்பதற்கும்தான் என்பேன். இந்த இரண்டும் சிறிய நோக்கங்கள் அல்ல. ஆனால் இவற்றை ஏற்றுக்கொண்டால், மரியாதை எங்கே அதிகமாகக் குவிகிறதோ அங்கே முதலில் கை வைக்க வேண்டும் என்பதையும் ஏற்க வேண்டியிருக்கும். அது ஓட்டப்பாதையில் ஓடும் இருபது வயது இளைஞரிடம் இல்லை. தொடக்க விழாவில் நடுநாயகமாக அமர்ந்திருக்கும் அதிபரிடம் இருக்கிறது.

2008 ஆகஸ்டில் ரஷ்யாவும் ஜார்ஜியாவும் போரிட்டன. பெய்ஜிங் ஒலிம்பிக் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் வெள்ளி வென்ற ரஷ்யாவின் நதாலியா பாடெரினாவும் வெண்கலம் வென்ற ஜார்ஜியாவின் நினோ சலுக்வாட்சேயும் பதக்க மேடையில் தழுவிக்கொண்ட படம் உலகெங்கும் வெளியாயிற்று. அதற்கு இரண்டே ஆண்டுகளில், 2010 டிசம்பரில், 2018 உலகக் கோப்பைக் கால்பந்தை நடத்தும் உரிமையை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா ரஷ்யாவுக்கு வழங்கியது. 2014-ல் ரஷ்யாவின் சோச்சியில் குளிர்கால ஒலிம்பிக் முடிந்த சில நாட்களிலேயே ரஷ்யப் படைகள் உக்ரைனின் கிரிமியாவைத் தம் பிடிக்குள் கொண்டுவந்தன; அதே சோச்சியில் பாராலிம்பிக் நடந்து முடிந்த இரண்டாம் நாள், கிரிமியாவை இணைத்துக்கொள்ளும் ஒப்பந்தம் கையெழுத்தானது. உலகக் கோப்பை ரஷ்யாவிடமே இருந்தது. 2018 ஜூலையில் மாஸ்கோவில் இறுதி ஆட்டம் கோலாகலமாக நடந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது முழுப் படையெடுப்பு தொடங்கிய மறுநாள்தான் ஐரோப்பியக் கால்பந்துக் கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பாரிசுக்கு மாற்றப்பட்டது. எட்டு ஆண்டுகள் தாமதமாக எடுக்கப்பட்ட சரியான முடிவு அது.

போட்டி நடத்தும் உரிமையைப் பறிப்பது விளையாட்டு அமைப்புகளுக்குக் கைவராத வித்தை என்றும் சொல்ல முடியாது. 2019 பிப்ரவரியில் டெல்லியில் நடந்த உலகக் கோப்பைத் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பாகிஸ்தான் வீரர்களுக்கு விசா மறுக்கப்பட்டது. இந்தியாவில் எதிர்காலப் போட்டிகள் நடத்துவது குறித்த பேச்சுகளை ஒலிம்பிக் கமிட்டி உடனே நிறுத்தி வைத்தது. 2023 மார்ச்சில் இஸ்ரேலிய அணியின் வருகைக்கு இந்தோனேசியாவில் எதிர்ப்பு எழுந்தபோது, இருபது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை அந்நாட்டிடமிருந்து ஃபிஃபா எடுத்துக்கொண்டது. போட்டி அர்ஜென்டினாவுக்குப் போனது. 2025 அக்டோபரில் ஜகார்த்தாவில் நடந்த உலக ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிக்கு இஸ்ரேலியர்களுக்கு விசா மறுக்கப்பட்டதும், இந்தோனேசியாவில் போட்டிகளை நடத்த வேண்டாம் என்று ஒலிம்பிக் கமிட்டி சம்மேளனங்களைக் கேட்டுக்கொண்டது. ஆக, ஓர் அணிக்கு விசா மறுக்கும் நாடு போட்டியை இழக்கிறது. அண்டை நாட்டுக்குள் பீரங்கிகளை அனுப்பும் நாடு அதை வைத்துக்கொள்ள முடிகிறது. விசா விதியை நான் குறை கூறவில்லை. அதே வேகம் மற்றதிலும் வேண்டும் என்கிறேன்.

அணிகளை விலக்குவதில் இதுவரை நடந்தவற்றையும் பார்க்க வேண்டும். படையெடுப்பு தொடங்கிய நான்காம் நாள், 2022 பிப்ரவரி 28 அன்று, ஃபிஃபாவும் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவும் ரஷ்ய அணிகளை இடைநீக்கம் செய்தன. ரஷ்யாவுடன் ஆட மாட்டோம் என்று போலந்து அதற்கு முன்பே அறிவித்துவிட்டது. ரஷ்யா மேல்முறையீடு செய்தபோது விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் அதைத் தள்ளுபடி செய்தது. போட்டிகளைப் பாதுகாப்பாகவும் ஒழுங்காகவும் நடத்துவதற்கு அமைப்புகளுக்கு உள்ள அதிகாரமே அங்கே அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. வெளிப்படையாகச் சொன்னால், எதிரணிகள் ஆட மறுத்ததால் தடை வந்தது. இப்படியே விட்டால், எந்த நாட்டுக்குச் செல்வாக்குள்ள எதிரிகள் இருக்கிறார்களோ அந்த நாடு மட்டுமே தடை செய்யப்படும். 2003-ல் ஈராக் மீது படையெடுத்த அமெரிக்கா, மறு ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பதக்கப் பட்டியலின் உச்சியில் இருந்தது. அப்படையெடுப்பில் பங்கேற்ற பிரிட்டனின் வீரர்கள் ஈராக்கில் இருக்கும்போதே, 2005 ஜூலையில், 2012 ஒலிம்பிக் லண்டனுக்கு வழங்கப்பட்டது.

இதற்கு மாறாக, ரஷ்ய ஒலிம்பிக் கமிட்டி 2023 அக்டோபரில் இடைநீக்கம் செய்யப்பட்டதற்கான காரணம் துல்லியமானது. டோனெட்ஸ்க், லுகான்ஸ்க், கெர்சன், சபோரிஷியா ஆகிய உக்ரைனியப் பகுதிகளின் விளையாட்டு அமைப்புகளை அது தன் உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொண்டது. மற்றொரு நாட்டுக் கமிட்டியின் எல்லைக்குள் கை நீட்டியதற்காகத் தண்டிக்கப்பட்டது. கிரிமியாவின் கிளப்புகள் ரஷ்ய லீக்கில் ஆடக் கூடாது என்று யூஃபா 2014 டிசம்பரிலேயே முடிவு செய்ததும் இதே அடிப்படையில்தான். இது விளையாட்டு அமைப்புகள் தாங்களாகவே அளந்து பார்க்கக்கூடிய குற்றம். ஆனால் அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும். ஆக்கிரமிக்கப்பட்ட மேற்குக் கரையின் குடியேற்றங்களில் உள்ள கிளப்புகள் இஸ்ரேலிய லீக்கில் ஆடுவதைப் பாலஸ்தீனக் கால்பந்துச் சங்கம் பல ஆண்டுகள் முறையிட்ட பின், தான் தலையிடப் போவதில்லை என்று ஃபிஃபா 2017 அக்டோபரில் விவகாரத்தை முடித்துவிட்டது. 2024 மே மாதம் பாங்காக்கில் நடந்த ஃபிஃபா மாநாட்டில் அந்தச் சங்கம் இஸ்ரேலை இடைநீக்கம் செய்யக் கோரியபோது முதலில் சட்டக் கருத்து கேட்கப்பட்டது. அக்டோபரில் விவகாரம் குழுக்களின் விசாரணைக்கு அனுப்பப்பட்டது. ரஷ்யாவுக்கு நான்கு நாட்கள் போதுமானதாக இருந்தபோது இங்கே குழுக்களும் கருத்துகளும் ஏன் என்று கேட்பவர்களை, வெறுப்பில் பேசுகிறார்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. 2025 செப்டம்பரில் ஸ்பெயின் சைக்கிள் பந்தயத்தின் இறுதிக் கட்டத்தை மாட்ரிட் வீதிகளில், இஸ்ரேலிய அணியின் பங்கேற்பை எதிர்த்த ஆர்ப்பாட்டக்காரர்கள் நிறுத்தியதை நான் ஆதரிக்கவில்லை. இருந்தாலும், மேசையில் பதில் கிடைக்காத கேள்வி வீதிக்கு வருவதில் வியப்பில்லை.

இனி வீரர்கள். 2022-ல் விம்பிள்டன் டென்னிஸ் போட்டி, ரஷ்ய, பெலாரஸ் வீரர்கள் அனைவரையும் தனிப்பட்ட முறையிலேயே வெளியே நிறுத்தியது. அந்த ஆண்டு மகளிர் பட்டத்தை வென்றவர் மாஸ்கோவில் பிறந்து, 2018-ல் கஜகஸ்தானுக்கு மாறிய எலெனா ரைபகினா. பிறந்த மண்ணை அளவாகக் கொண்டால் அவருக்கும் இடமில்லை. கடவுச்சீட்டை அளவாகக் கொண்டால் போரை எதிர்த்த ரஷ்யருக்கும் இடமில்லை. மறு ஆண்டே விம்பிள்டன் அந்த விதியைக் கைவிட்டது.

நடுநிலை வீரர் என்ற ஏற்பாடு இதைவிட மேலானதுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ரஷ்யாவிலிருந்து 15 பேரும் பெலாரஸிலிருந்து 17 பேரும் கொடியின்றி, கீதமின்றிக் கலந்துகொண்டனர். போரை ஆதரித்தவர்களுக்கும் இராணுவத்தோடு ஒப்பந்தத்தில் இருந்தவர்களுக்கும் அனுமதி இல்லை. ஆனால் எதிரே நிற்பவரின் நிலையை இந்த ஏற்பாடு எண்ணிப் பார்த்ததா என்பது ஐயமே. 2023 ஜூலையில் மிலானில் நடந்த உலக வாள்வீச்சுப் போட்டியில் உக்ரைனின் ஓல்ஹா கார்லன், நடுநிலை வீராங்கனையாக வந்த ரஷ்யாவின் அன்னா ஸ்மிர்னோவாவை வென்றார். ஆட்டம் முடிந்ததும் ஸ்மிர்னோவா கைகுலுக்க வந்தபோது, கார்லன் கையைத் தராமல் வாளை நீட்டினார். வாள்முனைகள் தொட்டுக்கொண்டால் போதும் என்பது அவர் நிலை. ஸ்மிர்னோவா களத்தை விட்டு நகர மறுத்தார். கைகுலுக்குவது கட்டாயம் என்ற விதியைக் காட்டி, வென்ற கார்லனைத் தகுதி நீக்கம் செய்தார்கள். தன் நாட்டின் மீது குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது அவருக்குக் கருப்பு அட்டை. பிறகு எதிர்ப்பு கிளம்பியதும் அணிப் போட்டியில் ஆட அனுமதித்தார்கள். முன்னாள் வாள்வீச்சு வீரரான ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் தாமஸ் பாக்கே தலையிட்டு அவருக்கு ஒலிம்பிக் இடத்தை உறுதி செய்தார். பாரிசில் தனிநபர் வெண்கலமும் அணித் தங்கமும் வென்றார் கார்லன். அவர் உலகறிந்த வீராங்கனை என்பதால் இவ்வளவு நடந்தது. பெயர் தெரியாத ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இது நடந்திருந்தால் அந்தத் தகுதி நீக்கம் அப்படியே நின்றிருக்கும். வீரர்களை அனுமதிக்கும் விதியை எழுதுபவர்கள், கைகுலுக்கல், பதக்க மேடை, கூட்டுப் புகைப்படம் போன்றவற்றில் தாக்கப்பட்ட நாட்டவருக்கு விலக்கு அளிக்கும் விதியையும் அதே தாளில் எழுத வேண்டும்.

யார் படையெடுத்தவர் என்பதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி எஞ்சுகிறது. ஃபிஃபாவோ ஒலிம்பிக் கமிட்டியோ போரின் நியாயத்தை விசாரிக்கத் தகுந்த மன்றங்கள் அல்ல. பாதுகாப்பு கவுன்சிலை நம்பினால் ரத்து அதிகாரம் உள்ள ஐந்து நாடுகள் ஒருநாளும் சிக்கமாட்டா. ஐ.நா. பொதுச்சபையில் வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒரு படையெடுப்பையோ ஆக்கிரமிப்பையோ கைவிடும்படி கோரினால், அது நீங்கும்வரை அந்நாடு எந்தச் சர்வதேசப் போட்டியையும் நடத்தவோ நடத்தக் கோரவோ கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். 2022 மார்ச் 2 அன்று ரஷ்யாவுக்கு எதிரான தீர்மானத்துக்கு ஆதரவாக 141 நாடுகளும் எதிராக 5 நாடுகளும் வாக்களித்தன. 2024 செப்டம்பரில் இஸ்ரேல் தன் ஆக்கிரமிப்பைப் பன்னிரண்டு மாதங்களுக்குள் முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற தீர்மானத்துக்கு ஆதரவாக 124 நாடுகளும் எதிராக 14 நாடுகளும் வாக்களித்தன. இந்த விதியில் இருவரும் அடங்குகின்றனர். 2003-ன் அமெரிக்கா அடங்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இப்போதுள்ள விதியற்ற நிலையிலும் அது அடங்கவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்ன நாட்டுக்குத் தடை என்று விளையாட்டுப் பக்கத்தில் செய்தி வரும்போது, தடை விதித்த அமைப்பு எது, எந்த விதியின் கீழ், யாருக்குப் பொருந்தும், எந்த நிபந்தனை நிறைவேறினால் நீங்கும் என்ற விவரங்களையும் சேர்த்து வெளியிட்டால், இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதும் எங்களைப் போன்றவர்கள் ஐந்து வெவ்வேறு தடைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாமல் வாதிட உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர் ஒருவர்